நரம்பைத் தேடிய நீலம்

நுழையும்முன்

மருந்து என்று நாம் உட்கொள்ளும் பொருள் உடலுக்குள் எங்கே செல்கிறது? தலைவலிக்கு உண்ட மாத்திரை தலையை எவ்வாறு அறிகிறது? நஞ்சு ஏன் ஓர் உறுப்பைத் தாக்கி மற்றோர் உறுப்பை விட்டுவிடுகிறது? எளியனவாகத் தோன்றும் இவ்வினாக்களைத் தம் மாணவப் பருவத்திலேயே எழுப்பி, வாழ்நாள் முழுதும் அவற்றைத் தொடர்ந்து சென்றவர் ஜெர்மானிய மருத்துவ அறிவியலாளர் பால் எர்லிக். காரீயமும் சாயமும் பாடாணமும் அவருக்குப் பாடநூல்களாயின. நரம்புச் செல்கள் அவருக்கு முதல் வெற்றியைத் தந்தன. கடினமான சோதனையையும் அவையே தந்தன. அவருடைய வாழ்வை அறிவோம்.

பள்ளிப் பருவம்

பால் எர்லிக் 1854ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 14ஆம் நாள், அன்றைய பிரஷ்ய நாட்டின் சிலேசியப் பகுதியைச் சேர்ந்த ஸ்ட்ரேலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தை இஸ்மார் எர்லிக்; தாய் ரோசா வைகெர்ட். யூதக் குடும்பத்தினரான அவர்கள் அவ்வூரில் விடுதியும் மது வடிக்கும் தொழிலும் நடத்தி வந்தனர்.

பிரெஸ்லாவ் நகரப் பள்ளியில் எர்லிக் பயின்றார். கணக்கும் இலத்தீனும் அவருக்கு எளிதாக வந்தன. கட்டுரை எழுதுவது மட்டும் கைவரவில்லை. பள்ளி இறுதித் தேர்வில் வாழ்வு ஒரு கனவு என்னும் பொருளில் கட்டுரை எழுதுமாறு கேட்டிருந்தனர். மற்ற மாணவர்கள் நிலையாமையைப் பற்றி எழுத, எர்லிக்கோ வாழ்வு என்பது உடலில் நிகழும் ஆக்சிஜனேற்றம் என்றும், கனவு என்பது மூளையில் தோன்றும் ஒருவகை ஒளிர்வு என்றும் எழுதிவைத்தார் என்பர். ஆசிரியர்கள் அதனை ஏற்கவில்லை. மதிப்பெண் மிகக் குறைந்தது. ஆயினும் மூளையையும் நரம்பையும் வேதியியலின் கண்கொண்டு நோக்கும் மனம் அந்தப் பதின்பருவத்திலேயே அவரிடம் உருவாகிவிட்டதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

தாய்வழி உறவினரான கார்ல் வைகெர்ட் அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தார். எர்லிக்கைவிட ஒன்பது ஆண்டு மூத்தவரான வைகெர்ட், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் அனிலின் சாயங்களைக் கொண்டு நுண்ணுயிரிகளுக்கு நிறமேற்றி நுண்ணோக்கியில் காட்டிய முன்னோடிகளுள் ஒருவர். துணிக்கு நிறமூட்டப் பிறந்த சாயம், கண்ணுக்குப் புலனாகாத உயிரையும் புலப்படுத்தும் என்பதை எர்லிக் அவரிடமிருந்து அறிந்துகொண்டார்.

காரீயம் எழுப்பிய வினா

மருத்துவ மாணவராக இருந்தபோது, காரீய நஞ்சு குறித்த ஓர் ஆய்வு நூல் எர்லிக்கின் கைக்குக் கிடைத்தது. காரீயம் உடலுக்குள் சென்றால் எல்லா உறுப்புகளிலும் ஒரே அளவில் படிவதில்லை. சில உறுப்புகளில் மிகுதியாகவும் சிலவற்றில் குறைவாகவும் தங்குகிறது என்று அந்நூல் கூறியது. நலமான விலங்கின் உறுப்புகளைத் தனியே எடுத்து மென்மையான காரீயக் கரைசலில் ஊறவைத்தபோதும் அதே வேறுபாடு தோன்றியது.

இச்செய்தி எர்லிக்கின் உறக்கத்தைக் கெடுத்தது. ஓர் உறுப்பு ஒரு பொருளைத் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்கிறது என்றால், அவ்விரண்டுக்கும் இடையே ஏதோ ஒரு வேதி உறவு இருத்தல் வேண்டும். அந்த உறவை அறிந்தால், எந்த நஞ்சு எங்கே தாக்கும் என்பதை அறியலாம். எந்த மருந்து எங்கே வேலை செய்யும் என்பதையும் அறியலாம். ஆனால், செல்லுக்குள் காரீயம் எந்த இடத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை அன்றைய நுண்ணோக்கியால் காண இயலவில்லை. எனவே, தான் சென்று சேர்ந்த இடத்தைத் தானே காட்டிக்கொடுக்கும் பொருள் ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. அப்பொருள் சாயமே என்று அவர் தெளிந்தார்.

ஸ்ட்ராஸ்பூர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியர் வில்ஹெல்ம் வால்டையரிடம் அவர் பயின்றார். பிற மாணவர்கள் வகுத்த பாடத்தைப் படித்துக்கொண்டிருக்க, எர்லிக்கின் மேசை மட்டும் பல நிறச் சாயங்களால் கறைபட்டுக் கிடந்தது. அதனைக் கண்ட பேராசிரியர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தம் விருப்பப்படி முயன்று பார்க்க விட்டுவிட்டார். நரம்புச் செல்லுக்கு நியூரான் என்னும் பெயரைப் பின்னாளில், 1891இல் சூட்டியவர் இந்த வால்டையரே. 1878இல் எர்லிக் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். திசுக்களுக்குச் சாயமேற்றும் முறையின் கொள்கையும் செயல்முறையும் பற்றியதே அவருடைய பட்ட ஆய்வேடு.

நீல நரம்புகள்

பட்டம் பெற்ற ஆண்டிலேயே பெர்லின் நகரின் சாரிட்டே மருத்துவமனையில் எர்லிக் பணியில் சேர்ந்தார். தலைமை மருத்துவர் ஃபிரெரிக்ஸ் அவருடைய ஆய்வுக்கு முழு உரிமை அளித்தார். குருதியின் வெள்ளையணுக்கள் ஒருவகையின அல்ல. அவை ஏற்கும் சாயத்தைக் கொண்டு அவற்றைப் பல வகைகளாகப் பிரிக்கலாம் என்று எர்லிக் காட்டினார். இன்று நாம் குருதிச் சோதனைத் தாளில் காணும் வெள்ளையணு வகைகளின் பட்டியலுக்கு அதுவே தொடக்கம். 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து அறிவித்தபோது, அக்கிருமிக்கு இன்னும் தெளிவாக நிறமேற்றும் முறையைச் சில வாரங்களிலேயே எர்லிக் உருவாக்கிக் கொடுத்தார்.

அவர் கையாண்ட சாயங்களுள் மெத்திலீன் நீலம் தனிச்சிறப்புடையது. அது 1876இல் பருத்தித் துணிக்கெனத் தொழிற்சாலையில் உருவாக்கப்பட்ட சாயம். எர்லிக் அதனை இறந்த திசுவில் பூசுவதோடு நிற்கவில்லை. உயிருள்ள விலங்கின் குருதி நாளத்தில் மிகக் குறைந்த அளவில் செலுத்திப் பார்த்தார். விலங்கின் உடலிலிருந்து ஒரு மெல்லிய திசுவை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தபோது வியப்பான காட்சி தெரிந்தது. சுற்றியிருந்த திசுக்கள் நிறமின்றி இருக்க, நரம்பிழைகளும் அவற்றின் நுண்ணிய முனைகளும் மட்டும் நீல நூல்களாகக் கிளைத்துப் பரவியிருந்தன.

1886இல் இக்கண்டுபிடிப்பை அவர் வெளியிட்டார். ஒரு பொருள் உடல் முழுவதும் சுற்றி வந்தாலும் தனக்குரிய செல்லைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கிறது என்பதற்கு நரம்பின் நீலம் கண்கூடான சான்றாயிற்று. மாணவப் பருவத்தில் காரீயம் எழுப்பிய வினாவுக்கு நரம்பு முதல் விடையைத் தந்தது. நரம்பு மண்டலத்தின் அமைப்பை ஆராய்ந்த ஸ்பெயின் நாட்டு அறிஞர் ரமோன் இ கஹால் போன்றோரும் பின்னர் இம்முறையைப் பயன்படுத்தினர்.

சாயம் மருந்தானது

அடுத்து எர்லிக் எண்ணியது துணிவானது. ஒரு சாயம் நரம்பைத் தேடிச் செல்லுமானால், நரம்பின் வலியை அது தணிக்கவும் கூடும் அன்றோ? நரம்பு வலியாலும் மூட்டு வலியாலும் துன்புற்ற நோயாளிகளுக்கு மெத்திலீன் நீலத்தைக் கொடுத்துப் பார்த்தார். வலி ஓரளவு தணிந்தது. 1890இல் உடன்பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு சேர்ந்து அதனை அறிவித்தார்.

இதற்கிடையே அவருடைய உடல் நலிந்தது. 1888இல் தம் சளியைத் தாமே சோதித்தபோது, தாம் நிறமேற்றக் கற்றுக்கொடுத்த அதே காசநோய்க் கிருமிகள் அதில் இருக்கக் கண்டார். மனைவி ஹெட்விக்குடன் எகிப்து சென்று, வெப்பமும் வறட்சியும் மிக்க அந்நாட்டில் தங்கி உடல் தேறித் திரும்பினார். திரும்பியபோது அவருக்கு நிலையான பதவி இல்லை. தம் செலவில் சிறிய ஆய்வகம் ஒன்றை அமைத்துக்கொண்டு பணியைத் தொடர்ந்தார்.

மலேரியா ஒட்டுண்ணியும் மெத்திலீன் நீலத்தை ஏற்கும் என்பது அப்போது தெரிந்திருந்தது. அச்சாயம் உயிருள்ள உடலுக்குப் பெருந்தீங்கு செய்யாது என்பதை நரம்பு ஆய்வுகளில் எர்லிக் முன்னரே கண்டிருந்தார். இவ்விரண்டையும் இணைத்து, 1891இல் பால் குட்மன் என்னும் மருத்துவருடன் சேர்ந்து மலேரியா நோயாளிகள் இருவருக்கு அச்சாயத்தைக் கொடுத்தார். காய்ச்சல் நீங்கியது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து கிடைக்கும் குயினைனின் ஆற்றலை அது எட்டவில்லை. எனினும், மரம் செடி கொடிகளில் தேடிய மருந்தை ஆய்வுக்கூடத்திலும் ஆக்கலாம் என்னும் நம்பிக்கைக்கு அந்த நீலச்சாயம் வித்திட்டது.

நச்சும் பூட்டும்

1891இல் ராபர்ட் காக் தம் புதிய நிறுவனத்தில் எர்லிக்குக்கு இடமளித்தார். அங்கே எமில் ஃபான் பேரிங், தொண்டை அடைப்பான் நோய்க்கு எதிர்நச்சு ஊனீரை உருவாக்கும் பணியில் இருந்தார. ஊனீரின் ஆற்றல் ஒவ்வொரு முறையும் மாறுபட்டதால் மருத்துவத்தில் அதனை நம்பிப் பயன்படுத்த முடியவில்லை. அதன் ஆற்றலை அளந்து வரையறுக்கும் முறையை எர்லிக் வகுத்தார். குழந்தைகளின் உயிரைப் பறித்த அந்நோயின் கொடுமை தணிய இவ்வளவீடு பேருதவி புரிந்தது.

எதிர்நச்சு எவ்வாறு உண்டாகிறது என்னும் வினாவுக்கும் அவர் நரம்பின் வழியாகவே விடை தேடினார். இசிவு நோயின் நச்சு உடலில் நரம்பு மண்டலத்தையே தாக்குகிறது. நரம்புச் செல்லின் மேல் அந்நச்சுக்குப் பொருந்தும் ஓர் அமைப்பு இருத்தல் வேண்டும். பூட்டில் சாவி பொருந்துவதுபோல் நச்சு அதிற் பொருந்துகிறது என்று அவர் கருதினார். அவ்வமைப்புக்குப் பக்கச்சங்கிலி என்று பெயரிட்டார். பின்னர் ஏற்பி என்றார். 1898இல் வாசர்மனும் டக்காக்கியும் இசிவு நோய் நச்சுடன் மூளைத் திசுவைக் கலந்தபோது, நச்சு தன் ஆற்றலை இழந்தது. மூளைத் திசு நச்சைப் பற்றிக்கொள்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

நோய் எதிர்ப்பாற்றல் குறித்த ஆய்வுகளுக்காக 1908ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு எர்லிக்குக்கும் இல்யா மெச்னிகாஃபுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஏற்பி என்னும் கருத்தின் மேல்தான் இன்றைய மருந்தியலும் நரம்பறிவியலும் நிற்கின்றன.

பாடாணத்தின் பாதை

1899இல் எர்லிக் பிராங்க்பர்ட் நகருக்கு இடம்பெயர்ந்தார். அந்நகரின் வங்கியாளர் கியோர்க் ஸ்பேயரின் நினைவாக அவர் மனைவி ஃபிரான்சிஸ்கா வழங்கிய பெருங்கொடையால் ஓர் ஆய்வு நிறுவனம் 1906இல் அங்கே எழுந்தது. அதன் தலைவரானார் எர்லிக். நோய்க்கிருமியை மட்டும் பற்றி அழித்து, நோயாளியின் செல்லைத் தீண்டாத வேதிப்பொருளை உருவாக்குவதே அவருடைய இலக்கு. எய்தவன் குறித்த இலக்கைத் தப்பாமல் தைக்கும் மாயத் தோட்டா என்று அதனை அவர் உருவகப்படுத்தினார். அவ்வகை மருத்துவத்துக்கு வேதிச்சிகிச்சை என்னும் பெயரைத் தந்தவரும் அவரே.

ஆப்பிரிக்காவில் உறக்க நோய் பல்லாயிரவரைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. டிரிப்பனோசோமா என்னும் ஒட்டுண்ணி குருதியில் பெருகி, பின்னர் மூளைக்குள் புகுந்து, நோயாளியை மீளா உறக்கத்தில் ஆழ்த்தும். உலோகப்போலியான ஆர்சனிக்கை, அதாவது நம் முன்னோர் பாடாணம் என்று அழைத்த நச்சின் தனிமத்தை, உட்கொண்ட அடாக்சில் என்னும் சேர்மம் அவ்வொட்டுண்ணியைக் கொல்வது 1905இல் தெரியவந்தது. ராபர்ட் காக் கிழக்காப்பிரிக்காவில் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்தார். ஒட்டுண்ணிகள் மறைந்தன. ஆனால், அளவு மிகுந்தபோது நோயாளிகள் சிலர் பார்வையை இழந்தனர். ஆர்சனிக் அவர்களுடைய பார்வை நரம்பை அழித்துவிட்டது.

எர்லிக்கின் முன் நின்ற இடர் இதுதான். மருந்து தன் இலக்கைக் கண்டது உண்மை. நரம்பையும் அது கண்டுவிட்டது. நரம்பைத் தேடிச் சென்ற நீலத்தைக் கண்டு மகிழ்ந்தவர், நரம்பைத் தேடிச் சென்ற பாடாணத்தைக் கண்டு அஞ்சினார். ஆர்சனிக்கின் கொல்லும் கரம் கிருமியை மட்டும் பற்ற வேண்டும். நரம்பைப் பற்றும் கரம் ஒடிக்கப்பட வேண்டும். இதற்கு அடாக்சிலின் மூலக்கூறு அமைப்பை முதலில் அறிய வேண்டியிருந்தது. அன்றுவரை வேதியியலாளர் நம்பிவந்த அமைப்பு தவறானது என்று எர்லிக் கூறினார். உடனிருந்தோர் எல்லாரும் அதனை ஏற்கவில்லை. ஆல்ஃபிரட் பெர்தைம் ஏற்றுச் சோதித்தார். 1907இல் எர்லிக்கின் கருத்தே சரியென உறுதியாயிற்று. அமைப்பு தெரிந்ததும், அதில் சிறுசிறு மாற்றங்கள் செய்து நூற்றுக்கணக்கான ஆர்சனிக் சேர்மங்களை அவர்கள் உருவாக்கத் தொடங்கினர்.

அறுநூற்று ஆறு

அதே காலத்தில் ஐரோப்பாவைக் கலங்கச் செய்த மற்றொரு நோய் சிபிலிஸ். ஐரோப்பியர் வருகையோடு இம்மண்ணில் பரவியதால் தமிழில் பறங்கிப்புண் என்று பெயர்பெற்ற நோய் இது. தோலில் தொடங்கி, ஆண்டுகள் பல கடந்தபின் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கி, அறிவை மழுங்கச் செய்து, உடலை முடக்கும். நானூறு ஆண்டுகளாக இதற்குக் கொடுக்கப்பட்டு வந்தது பாதரசம். அது நோயைச் சற்று அடக்கியது. ஈறுகளைப் புண்ணாக்கிப் பற்களை உதிர்த்தது. நரம்புகளைத் தாக்கிக் கைகளை நடுங்கச் செய்தது. நோயின் நடுக்கம் எது, மருந்தின் நடுக்கம் எது என்று பிரித்தறிய இயலாத நிலை.

1905இல் இந்நோய்க்குக் காரணமான சுருளுயிரியை ஷாடினும் ஹோஃப்மனும் கண்டறிந்தனர். 1909இல் ஜப்பானிலிருந்து சஹாச்சிரோ ஹாத்தா என்னும் இளம் மருத்துவர் பிராங்க்பர்ட் வந்தார். முயல்களில் இந்நோயை உண்டாக்கும் முறையை அவர் அறிந்திருந்தார். பெர்தைம் உருவாக்கிய ஆர்சனிக் சேர்மங்கள் அனைத்தையும் ஒன்றுவிடாமல் மீண்டும் சோதிக்குமாறு எர்லிக் அவரைப் பணித்தார். பயனற்றவை என்று முன்னர் ஒதுக்கிய சேர்மங்களும் அவற்றுள் அடங்கும். அவ்வாறு ஒதுக்கப்பட்டவற்றுள் ஒன்றே 606 என்னும் எண்ணைக் கொண்ட சேர்மம். 1907இலேயே உருவான அது இரண்டாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தது. ஹாத்தா அதனை நோயுற்ற முயலுக்குச் செலுத்தினார். மறுநாள் புண்ணில் உயிருள்ள சுருளுயிரி ஒன்றும் காணப்படவில்லை. புண்களும் சில வாரங்களில் ஆறின.

மனிதருக்குக் கொடுக்குமுன், மருத்துவர் இருவர் தாமே முன்வந்து அதனைத் தம் உடலில் செலுத்திக்கொண்டனர். அதன்பின்னரே நோயாளிகளுக்கு வழங்கப்பட்டது. 1910ஆம் ஆண்டு ஏப்பிரலில் வீஸ்பாடன் நகரில் கூடிய மருத்துவர் மாநாட்டில் எர்லிக்கும் ஹாத்தாவும் முடிவுகளை அறிவித்தனர். உலகெங்கிலுமிருந்து மருத்துவர்கள் பிராங்க்பர்ட்டை நோக்கி வந்தனர். மருந்தை விற்பனைக்கு விடுமுன், ஏறத்தாழ 65,000 குப்பிகளை மருத்துவர்களுக்கு விலையின்றி அனுப்பி, ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் எழுதியனுப்புமாறு எர்லிக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் சல்வார்சன் என்னும் பெயரில் அம்மருந்து வெளிவந்தது.

பழியும் பொறுப்பும்

சல்வார்சன் கையாளுதற்கு அரிய மருந்து. காற்றுப் பட்டால் நச்சுத்தன்மை மிகும். எனவே காற்று நீக்கிய கண்ணாடிக் குப்பிகளில் அடைக்கப்பட்டது. அதனைக் கரைத்து, சரியான அளவில் காரம் சேர்த்து, உடனே செலுத்த வேண்டும். கரைக்கும் நீர் புதிதாகக் காய்ச்சி வடித்ததாக இல்லாவிடினும் தீங்கு நேர்ந்தது. விதிகளைச் சரிவரக் கைக்கொள்ளாத இடங்களில் நோயாளிகள் துன்புற்றனர், சிலர் இறந்தனர். ஒவ்வொரு தீய விளைவையும் எர்லிக் தாமே எழுதி வைத்து, காரணம் ஆராய்ந்தார்.

அவற்றுள் அவரை மிகவும் வருத்தியது நரம்பு பற்றியதே. சல்வார்சன் பெற்ற சிலருக்குச் சில மாதங்களில் காது கேளாமையும் முக நரம்புத் தளர்ச்சியும் தோன்றின. அடாக்சில் பார்வை நரம்பை அழித்ததுபோல் சல்வார்சனும் நரம்பை அழிக்கிறது என்று எதிர்ப்பாளர் கூறினர். எர்லிக் அவ்வாறு முடிவு செய்யவில்லை. குறைந்த அளவில் மருந்து பெற்றவர்களிடமே இது மிகுதி என்பதை அவர் கவனித்தார். நரம்பருகே தப்பிப் பிழைத்த சுருளுயிரிகள் மீண்டும் பெருகுவதே காரணம் என்று கருதினார். இரண்டில் எது உண்மை என்பது வெறும் வாதமன்று. மருந்தே நஞ்சு என்றால் உடனே நிறுத்த வேண்டும். நோயே மீள்கிறது என்றால் இன்னும் கொடுக்க வேண்டும். தவறான முடிவுக்கு நோயாளியே விலை கொடுப்பார். மருந்தைத் தொடர்ந்து கொடுத்தபோது பலருக்கு அக்குறைகள் நீங்கியமை எர்லிக்கின் கணிப்புக்குத் துணையாயிற்று.

ஆயினும் பழிச்சொற்கள் ஓயவில்லை. பணத்திற்காக நோயாளிகளைப் பலியிடுகிறார் என்றுகூட ஏடுகளில் எழுதினர். 1914இல் இது நீதிமன்றம் வரை சென்றது. எர்லிக் சாட்சியம் அளித்தார். அவதூறு பரப்பியவர் தண்டிக்கப்பட்டார். எனினும் அலைச்சலும் மனவேதனையும் அவருடைய உடலைத் தளர்த்தின. கரைப்பதற்கு எளிய நியோசல்வார்சன் என்னும் திருத்திய மருந்தை அவர் அதற்கு முன்பே, 1912இல் வழங்கியிருந்தார்.

மூளையின் வாயில்

எர்லிக்கின் வாழ்வில் அவரே தவறாகக் கணித்த ஒன்றும் உண்டு. இளமையில் பல சாயங்களை விலங்குகளின் குருதியில் செலுத்தியபோது, எல்லா உறுப்புகளும் நிறம் பெற, மூளையும் தண்டுவடமும் மட்டும் வெளுத்தே இருந்ததை அவர் கண்டார். மூளைத் திசுவுக்கும் அச்சாயங்களுக்கும் வேதி உறவு இல்லை என்பதே காரணம் என்று எண்ணினார். அவருடைய மாணவர் எட்வின் கோல்ட்மன் 1913இல் அதே வகைச் சாயம் ஒன்றை மூளையைச் சூழ்ந்த நீரில் நேரே செலுத்தினார். இம்முறை மூளை நிறம் பெற்றது. உடலின் மற்ற உறுப்புகள் நிறம் பெறவில்லை. மூளைத் திசு சாயத்தை ஏற்கத்தான் செய்கிறது. குருதிக்கும் மூளைக்கும் இடையே உள்ள ஏதோ ஒரு தடுப்பே அதனை மறிக்கிறது என்பது இதனால் புலப்பட்டது. ஆசான் தொடங்கிய ஆய்வை மாணவர் திருத்தி முடித்தார்.

சல்வார்சன் ஏன் மூளையைத் தாக்கிய முற்றிய நோயை வெல்லவில்லை என்பதற்கும் இத்தடுப்பே பெரிதும் விடையாயிற்று. உடலை உள்ளிருந்து காக்கும் அரணே மருந்துக்கும் மதிலாக நின்றது. 1917இல் வாக்னர் யாரெக் என்னும் ஆஸ்திரிய மருத்துவர், அத்தகைய நோயாளிகளுக்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே உண்டாக்கி, பின்னர்க் குயினைன் கொடுத்து அக்காய்ச்சலைத் தணிக்கும் முறையைக் கையாண்டார். 1940களில் பூஞ்சையிலிருந்து பிறந்த பெனிசிலின் வந்தபின்னரே சல்வார்சன் விடைபெற்றது.

நிறைவு

எர்லிக் எளிய பழக்கங்கள் உடையவர். நூல்களும் இதழ்களும் குவிந்து, அமர இடமில்லாத அறையில் பணியாற்றினார். நாள்தோறும் வண்ண அட்டைகளில் அன்றைய பணிகளைக் குறித்து உதவியாளர்களுக்கு அனுப்புவார். உணவை மறந்தாலும் சுருட்டை மறவார். உடலின் நலத்தை ஆராய்ந்த அவர் தம் உடலைப் பேணாதது வருந்தத்தக்கது. முதல் உலகப்போர் மூண்ட காலத்தில், 1915ஆம் ஆண்டு ஆகத்து 20ஆம் நாள், தம் 61ஆம் வயதில் பாட் ஹோம்பர்க் நகரில் மறைந்தார்.

நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின், யூதர் என்பதனால், பிராங்க்பர்ட்டில் அவர் பெயர் தாங்கிய தெருவின் பெயர்ப்பலகை அகற்றப்பட்டது. அவருடைய துணைவியார் முதுமையில் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. போருக்குப் பின் அத்தெரு மீண்டும் அவர் பெயரைப் பெற்றது. அவர் தலைமையேற்று நடத்திய ஆய்வு நிறுவனங்களுள் ஒன்று இன்று பால் எர்லிக் நிறுவனம் என்றே வழங்குகிறது.

அவருடைய நீலச்சாயத்தின் கதையும் அவரோடு முடியவில்லை. மெத்திலீன் நீலத்தின் உள்ளே இருக்கும் வளைய அமைப்புக்குப் பீனோதயசீன் என்று பெயர். அவ்வமைப்பிலிருந்தே 1950களின் தொடக்கத்தில் குளோர்புரோமசீன் என்னும் மருந்து பிறந்தது. விலங்கிடப்பட்டும் அறையில் அடைக்கப்பட்டும் வாழ்ந்த மனநோயாளிகள் பலர் வீடு திரும்ப அம்மருந்து வழிசெய்தது. மூளையின் நரம்புச் செல்களில் உள்ள ஏற்பிகளைப் பற்றிக்கொள்வதே அதன் செயல்முறை எனப் பின்னர் அறியப்பட்டது. அதற்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் முன்பு சாயக் கறை படிந்த மேசையில் ஓர் மாணவர் எழுப்பிய வினாவின் விடை, மனித மனத்தின் வாயில் வரை வந்து சேர்ந்தது.

தெரிந்து தெளிவோம்

காரீயம், பாதரசம், ஆர்சனிக் ஆகிய மூன்றும் நரம்பு மண்டலத்தைத் தாக்க வல்லவை. பாதரசமும் ஆர்சனிக்கும் புரதங்களில் உள்ள கந்தகத் தொகுதிகளுடன் இறுகப் பிணைந்து நொதிகளின் செயலைத் தடுக்கின்றன. காரீயம் நரம்புச் செல்லில் கால்சியத்தின் இடத்தைக் கைப்பற்றுகிறது. வளரும் குழந்தைகளின் மூளைக்கு அது பெருந்தீங்கு விளைவிக்கும். உலோகம் கலந்த மருந்து எதுவாயினும் மருத்துவரின் அறிவுரையின்றி உட்கொள்ளுதல் கூடாது.

கற்பவை கற்றபின்

1. பயனற்றது என ஒதுக்கப்பட்ட 606ஆம் சேர்மத்தை மீண்டும் சோதிக்கச் செய்த எர்லிக்கின் முடிவு, ஆய்வாளருக்கு இருக்க வேண்டிய எந்தப் பண்பை உணர்த்துகிறது? வகுப்பில் கலந்துரையாடுக.

2. எர்லிக்கின் கணிப்பை அவருடைய மாணவர் திருத்திய நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு, ஆசிரியர் மாணவர் உறவு பற்றி ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. உங்கள் வேதியியல், உயிரியல் பாடநூல்களில் இடம்பெறும் சாயங்களையும் அவற்றின் பயன்களையும் தொகுத்து அட்டவணைப்படுத்துக.